பதினஞ்சு கட்டம்

வாயை மூடிக்கிட்டு இரு வசுமதி, இன்னிக்கு ஒரு நாளாவது மூடிக்கிட்டு இரு, ட்ரெயின் பல்லாவரத்துல நின்னதும் குளோரி அக்கா ஏறுவாங்க, எப்பவும் போல நகர்ந்து ஜன்னலோரத்தைக் குடு, அதோட நிறுத்திக்க, ‘எப்படிக்கா இருக்கீங்க’ன்னு மட்டும் கேட்டுத் தொலைக்காத, கேட்டா அவங்க பதில் சொல்லணும், பதில் சொல்ல வார்த்தை வேணும், அந்த வார்த்தைதானே இப்போ... ஐயோ, வண்டி இன்னும் குரோம்பேட்டையை விட்டே கிளம்பல, அதுக்குள்ள புலம்ப ஆரம்பிச்சாச்சு. எதிர் சீட்ல தாஹிரா தாம்பரத்துலயே வாங்கின இங்கிலீஷ் பேப்பரை மடியில வச்சுக்கிட்டு என்னையே பாக்கறா. ‘வசுக்கா, குறுக்கெழுத்து வெளிய தெரியற மாதிரி மடிக்கவா, உள்ள வச்சு மடிக்கவா?’ன்னு கேக்கறா. ‘என்னிக்கும் எப்படி மடிப்பியோ அப்படியே மடிடி’ன்னு எரிஞ்சு விழறேன். அவ என்ன பண்ணுவா பாவம், அவளுக்கும் அதே கவலைதான். குளோரி அக்கா தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு, மழைக்காலத்துல, சமையல் பண்ணிக்கிட்டு இருக்கறப்ப. கை கால் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிடுச்சு. பேச்சுதான் திரும்பல. நேத்து சாயங்காலம் அவங்க தம்பி போன் பண்ணினாரு, ‘நாளைக்கு ஆபீசுக்குக் கிளம்பறேன்னு பிடிவாதம் பிடிக்கறாங்க மேடம், ஒரே ஒரு நாள் போய்ப் பாக்கறேன், சரிப்படலைன்னா இனிமே ட்ரெயினும் வேண்டாம் ஆபீசும் வேண்டாம், வீட்டோட கிடக்கறேன்னு எழுதிக் காட்டிட்டாங்க, கொஞ்சம் பாத்துக்குங்க’ன்னு. பாத்துக்கறதா, யாரு யாரைப் பாத்துக்கறது, இத்தனை வருஷமா இந்த லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டதே அவங்கதான்.

இதோ பல்லாவரம், இதோ தம்பி கையைப் பிடிச்சிருக்காரு, இதோ அவங்க கையை உதறிட்டுத் தானே ஏறறாங்க, அதே கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதே கறுப்புக் கைப்பை, முகம்தான் ஒரு பக்கம் லேசா இறங்கியிருக்கு. தாஹிரா எழுந்து நின்னுட்டா. உக்காருடி, கலெக்டரா வர்றாங்க, உக்காரு. நான் நகர்றேன், அவங்க ஜன்னலோரம் உக்காந்து என் தொடையில ஒரு தட்டு தட்டறாங்க, அவ்வளவுதான், எனக்குக் கண்ணு முட்டிக்கிட்டு வருது, நான் சட்டுனு குனிஞ்சு செருப்பைச் சரி பண்ற மாதிரி பண்றேன். நிமிர்ந்தா அவங்க தாஹிராகிட்ட இடது கையை நீட்டிக்கிட்டு இருக்காங்க. பேப்பர். நேரா பேப்பர்தான். குசலம் கிசலம் ஒண்ணும் கிடையாது. தாஹிரா என்னைப் பாக்கறா, குடுக்கவான்னு, குடுடின்னு கண்ணாலயே சொல்றேன். பேப்பர் அவங்க மடிக்குப் போயிருச்சு. கறுப்பும் வெள்ளையுமா கட்டம், நடுவுல இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கறுப்புக் கூட விழாத ஒரே வரி, பதினஞ்சு கட்டம். இன்னிக்குன்னு பாத்து அது இருந்தே ஆகணுமா? எல்லா நாளும் இருக்காதே, பாதி நாள் ஏழு ஏழா உடைச்சுப் போட்டிருப்பானே, அந்தக் கட்டம் போடற மகராசனுக்கு இன்னிக்குத்தான் வீரம் வந்துச்சா?

எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. அக்கா போட்ட சட்டம். சின்ன வார்த்தையெல்லாம் யார் வேணா எப்போ வேணா எழுதலாம், நடு வரியை மட்டும் கிண்டி தாண்டற வரைக்கும் யாரும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. கண்டுபிடிச்சவங்க பேனாவை மூடிடணும், அதுதான் அடையாளம். யாரு மொதல்ல மூடினாங்களோ அவங்கதான் சொல்லணும். கிண்டியை விட்டு வண்டி கிளம்பி அடையாத்துப் பாலம் ஏறினதும் சொல்லணும், வாய் விட்டு, முழுசா, பாலம் தாண்டறதுக்குள்ள. தாண்டிட்டா தோத்தாச்சு, மறுநாள் பேப்பர் தோத்தவங்களோடது, அவங்க காசுல வாங்கிட்டு வரணும். யாருமே தோக்கலைன்னா தாஹிரா வாங்கிட்டு வரணும், அவதான் மொத ஸ்டேஷன்ல ஏறறவ. இந்தச் சட்டமே என்னாலதான் வந்துச்சு, எனக்கு எது தோணினாலும் அடுத்த நொடி வாயில இருக்கும், சுத்தி இருக்கறவங்க யோசிக்கறதுக்குள்ள கெடுத்துடுவேன். ‘நீளமான வார்த்தைக்கு மரியாதை வேணும் வசு, அதைக் கொஞ்ச நேரம் வாயில வச்சிருக்கணும், சட்டுனு துப்பக் கூடாது’ன்னாங்க. நான் எத்தனையோ தடவை பேப்பர் வாங்கியிருக்கேன், தாஹிராவும் வாங்கியிருக்கா, குளோரி அக்கா இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட வாங்கினது கிடையாது. திரிசூலம்கூட வரலை, அதுக்குள்ள சில நாள் பேனாவை மூடிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஏர்போர்ட்டை வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். எப்படிக்கான்னா, ‘நான் கண்டுபிடிக்கல, அது உள்ள இருந்துச்சு, கதவைத் திறந்தேன்’ம்பாங்க.

என்ன உள்ள இருந்துச்சு, என்னென்ன இருந்துச்சு அந்தத் தலைக்குள்ள! ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்ல ஸ்டெனோ, அங்க சொன்னதை அடிச்சுக் குடுக்கறதுதான் வேலை, இங்க ஏறிட்டா ராணி. பதினஞ்சு எழுத்து வார்த்தைன்னா அவங்களுக்கு உசிரு. அன்காப்பிரைட்டபிள்னு ஒரு வார்த்தை, காப்பிரைட் வாங்க முடியாததுன்னு அர்த்தம், பதினஞ்சு எழுத்து, ஒரு எழுத்து கூட ரெண்டாவது தடவை வராது, ‘பாரு வசு, பதினஞ்சு பேர் கூடின வீட்ல ஒருத்தர் கூட ஒரே ஜாடை இல்ல’ன்னு சொல்லிட்டு விரல் விட்டுக் காட்டினாங்க, எனக்கு அன்னிக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல, நானும் பேப்பர்ல எழுதி எழுதி அடிச்சுப் பாத்தேன், நிஜம்தான். ஸ்ட்ரெங்த்ஸ்ல ஒம்போது எழுத்துக்கு ஒத்தை உயிரெழுத்து, எல்லாப் பாரத்தையும் அது ஒண்ணே சுமக்குதுன்னாங்க. ஃபெசீஷியஸ்லின்னு ஒண்ணு, கிண்டலாங்கற அர்த்தத்துல, அதுல இங்கிலீஷ் உயிரெழுத்தெல்லாம் ஸ்கூல் பிரேயர்ல நிக்கற மாதிரி வரிசை மாறாம வரும். வார்த்தை மட்டுமா, தொடர் கூட. பை ஹுக் ஆர் பை குரூக், எண்ணிப் பாத்தா பதினஞ்சு. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், பதினஞ்சு. போல்ட் ஃப்ரம் த ப்ளூ, அதுவும் பதினஞ்சு. ‘இந்த இங்கிலீஷ்காரன் பேசறப்பவே கட்டம் எண்ணித்தான் பேசினானோ’ன்னு சிரிப்பாங்க, அந்தச் சிரிப்பு ஒரு பெட்டி முழுக்கக் கேக்கும். ஒரு தடவை காலேஜ் பொண்ணு ஒருத்தி பெருமையா ஒரு நுரையீரல் நோய்ப் பேரை ஒப்பிச்சா, நியூமோனோ அல்ட்ரான்னு ஆரம்பிச்சு, நாப்பத்தஞ்சு எழுத்தாம், மூச்சு விடாம சொல்லி முடிச்சா. அக்கா கை தட்டிட்டு, ‘நல்லா இருக்கும்மா, ஆனா அது வார்த்தை இல்ல, வித்தை. யாராவது நோவுல படுத்திருக்கறவன் அதைச் சொல்லுவானா? நீளமா இருந்தா மட்டும் போதாது, அதுக்கு ஒரு வேலை இருக்கணும்’னாங்க. அன்னிக்கு நான் அவங்களைப் பாத்த பார்வை இருக்கே, எங்க வீட்டுக்காரர் அதைப் பாத்திருந்தா பொறாமைப் பட்டிருப்பாரு. நிஜமா சொல்றேன், எனக்கு இந்த உலகத்துல இவங்களை மாதிரி ஆச்சரியமான மனுஷி வேற யாரும் தெரியாது.

அந்த வாய்தான் ஆஸ்பத்திரில தண்ணி கேக்கறதுக்குக் ‘குடை’ன்னு சொல்லிச்சு. குடை, குடைன்னு. நான் என்ன ஏதுன்னு புரியாம முழிக்கறேன், அவங்க தம்பி பழகின மாதிரி தண்ணி டம்ளரை எடுத்துக் குடுக்கறாரு, அவங்களுக்குத் தெரியுது தப்பா வந்துடுச்சுன்னு, அந்தக் கண்ணுல தெரியுது, கட்டிலைக் கையால அடிக்கறாங்க. அதுக்கு மேல ஒரு சின்னப் பொண்ணு வந்தா, பேச்சுப் பயிற்சி குடுக்கறவ, நல்ல பொண்ணுதான், அட்டையில பூனை படம் காட்டறா, ‘இது என்ன ஆன்ட்டி? பூ... பூ...’ன்னு. அடியே, யாருக்குடி பூனை காட்டற, இந்தம்மா யாருன்னு தெரியுமா உனக்குன்னு கத்தணும் போல இருந்துச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்து மாடிப்படியில உக்காந்து அழுதேன். அடுத்த தடவை போறப்ப பெரிய புத்திசாலியாட்டம் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போனேன், நடு வரி இருக்கற நாளாப் பாத்து. அவங்க அதைப் பாத்தாங்க. பாத்துட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அந்த முதுகை என்னால இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல. அதுக்கப்புறம் நானும் தாஹிராவும் ட்ரெயின்ல பேப்பரைப் பிரிக்கவே இல்ல. வெறுமனே புடவை, விலைவாசின்னு பேசிட்டு இறங்கிப் போவோம். இன்னிக்கு அவங்க கையை நீட்டிக் கேக்கறாங்களே, கேட்டு வாங்கி, இத்தனை பேர் நடுவுல, அது வரலைன்னா? தெரியாத வார்த்தை வரலைன்னா யாருக்கும் வலிக்காது. தெரிஞ்ச வார்த்தை, கண்ணு முன்னாடி கதவு, சாவி தொலைஞ்சு போச்சுன்னா? அப்புறம் நாளைக்கு வருவாங்களா? வரமாட்டாங்க. எழுதிக் காட்டிட்டாங்களே.

திரிசூலம் வரப் போகுது. சின்ன வார்த்தைகள் விழுது, அதையாவது பாரேன் வசு, எவ்வளவு அழகா விழுது. பேனாவை வலது கையிலதான் பிடிக்கறாங்க, எழுத்து கோணுது, எம்முக்கு ஒரு கால் அதிகமா வந்துடுச்சு, ஆனா விடை சரி. மேல வலது மூலை முடிஞ்சாச்சு. தாஹிரா ஒண்ணு எழுதறா, நான் ஒண்ணு எழுதறேன். நடு வரிக்கு மேலேர்ந்து எழுத்து சொட்டு சொட்டா வந்து சேருது, நாலாவது கட்டத்துல டபிள்யூ, எட்டாவதுல எஸ். குறிப்பு என்ன? தமிழ்ல சொன்னா, ‘ஆனபோதிலும், அதையும் மீறி.’ அவ்வளவுதான், ஒரே வரி. டபிள்யூ. எஸ். ஆனபோதிலும். ஆனபோதிலும்... ஐயோ. ஐயோ ஐயோ. எனக்கு வந்துடுச்சு. நாட்வித்ஸ்டாண்டிங். எண்ணு, விரலை மடக்காத, மனசுக்குள்ள எண்ணு, பதினஞ்சு, சரியாப் பதினஞ்சு. என் வாழ்க்கையில முதல் தடவையா அக்காவுக்கு முன்னாடி எனக்கு வந்துடுச்சு, அதுவும் இன்னிக்கு, வேற நாளே கிடைக்கலையா இதுக்கு? எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் அக்காவுக்கு முன்னாடி பேனாவை மூடிட்டு ஏர்போர்ட்டை வேடிக்கை பாக்கணும்னு. மீனம்பாக்கம். ப்ளேன் ஒண்ணு இறங்குது. எனக்கு வேடிக்கை பாக்கத் தோணல.

பேனாவை மூடறதா வேண்டாமா? மூடினா சட்டப்படி நான்தான் சொல்லணும், அக்கா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும், தனக்கு முன்னாடி இந்த வாயாடிக்குக் கிடைச்சிடுச்சேன்னு. மூடலைன்னா நான் அவங்களைப் பாவம் பாக்கறேன்னு அர்த்தம். பாவம் பாக்கறது அவங்களுக்கு அறவே ஆகாது, ஒரு தடவை யாரோ எழுந்து சீட் குடுத்ததுக்கு ‘எனக்கென்ன கால் இல்லையா’ன்னு கேட்டு எக்மோர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்த பொம்பளை. சட்டமே அவங்க போட்டது, அதை அவங்களுக்காக நான் மீறறதா? மீறாம இருக்கறதா? பேனா என் கையில வழுக்குது, வேர்த்துப் போச்சு. அவங்க முகத்தையே பாக்கறேன். உதடு அசையுதா? அசையற மாதிரி இருக்கு. இல்ல, வண்டி குலுங்குது. இந்த வார்த்தை அவங்களுக்கு எத்தனை பழக்கம், சரக்குக் கப்பல் ஒப்பந்தம் ஒவ்வொண்ணுலயும் பாதி ஷரத்து இந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்கும், ‘நாள் முழுக்க இதைத்தான் அடிக்கறேன் வசு, மேல என்னென்னவோ எழுதியிருப்பான், இந்த ஒரு வார்த்தையைப் போட்டு அத்தனையையும் தள்ளி வச்சுட்டு மேல போவான், என்ன தைரியமான வார்த்தை’ன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அது உள்ள இருக்கணும். இல்லாம எங்க போகும்? பழவந்தாங்கல். பரங்கிமலை. கூட்டம் ஏறுது, ஒருத்தி பை என் தலையில இடிக்குது, இடிச்சுட்டுப் போகட்டும். அவங்க வலது கை கைப்பைக்கு அடியில போயிருச்சு, ஓய்ஞ்சு போய் வச்சுட்டாங்க போல. விட்டுட்டாங்களா? அக்கா, விட்டுடாதீங்கக்கா. நான் பேனாவை மூடல. திறந்தே வச்சிருக்கேன், எனக்கு எதுவும் தெரியாது, நான் மக்கு, அப்படியே இருந்துட்டுப் போறேன்.

கிண்டி. வண்டி நின்னு, ஏத்தி, இறக்கி, கிளம்பற வரைக்கும் அவங்க வெளியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கிளம்பினதும் என் பக்கம் திரும்பினாங்க. என் முகத்தைப் பாக்கல, என் பேனாவைப் பாத்தாங்க. அப்புறம் இடது கையை நீட்டி, என் பேனாவோட பின்னாடி செருகியிருந்த மூடியை இழுத்து எடுத்தாங்க. முனையில வச்சு அமுக்கினாங்க, மொத தடவை தப்பி என் ஆள்காட்டி விரல்ல நீலமா ஒரு கோடு விழுந்துச்சு. ரெண்டாவது தடவை மூடினாங்க. டக்குனு சத்தம் கேட்டுச்சு. என் குட்டைக் கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும், நான் மறைச்சதும் தெரியும், நான் என்ன மறைச்சாலும் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும் போல. வெக்கமா போச்சு எனக்கு. ‘அக்கா, நான் வந்து...’ன்னு இழுக்கறேன். அவங்க கைப்பையைத் தூக்கி அடியில இருந்த வலது கையைக் காட்டறாங்க. அவங்க பேனா. மூடியிருக்கு. எப்போ மூடினாங்க? தாஹிரா குனிஞ்சு கிசுகிசுக்கறா, ‘திரிசூலத்துலயே மூடிட்டாங்க வசுக்கா, நீங்க பாக்கலையா?’ திரிசூலத்துல டபிள்யூ கூட விழல! நான் அவங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன், கையைப் பாக்கவே இல்ல. அடிப் போடி வசுமதி, நீ யாரைப் பாவம் பாக்கறதுக்குக் கிளம்பின?

பாலம் வந்துடுச்சு. கீழ ஆறு, சக்கரச் சத்தம் மாறுது, கடகடன்னு உள்ளீடு இல்லாத சத்தம். அவங்க நிமிர்ந்து உக்கார்றாங்க. ‘நாட்’னாங்க. தெளிவா வந்துச்சு. ‘நாட்... வித்...’ அப்புறம் நின்னு போச்சு. வாய் திறந்திருக்கு, ஒண்ணும் வரல, கழுத்து நரம்பு புடைக்குது. ‘நாட்... வித்... குடை.’ குடை. கடவுளே. அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டறாங்க, இல்ல, இல்லன்னு. நின்னுக்கிட்டு இருக்கற பொம்பளைங்க எல்லாம் பாக்கறாங்க. தாஹிரா உதடு குவியுது, எடுத்துக் குடுக்கப் போறா, நான் அவ முழங்கால்ல நறுக்குனு கிள்ளறேன், ‘ஆ’ன்னு வாயை மூடிக்கிட்டா. என் வாய்க்குள்ளயும் அது இருக்கு, முழுசா இருக்கு, பல்லுக்குப் பின்னாடி முட்டிக்கிட்டு நிக்குது, துப்பினா ஒரு நொடி, எல்லாம் முடிஞ்சிடும், அவங்களுக்கும் கஷ்டம் தீரும், எனக்கும் தீரும். கூடாது. வச்சிரு. வாயில வச்சிரு. தண்ணி போயிருச்சு, கரை வந்துடுச்சு, கரையோர வீடெல்லாம் வந்துடுச்சு. அவங்க தொடையில ஒரு அடி அடிச்சுக்கிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து வர்றாங்க. ‘நாட்.’ மூச்சு. ‘வித்.’ மூச்சு. சைதாப்பேட்டை ப்ளாட்பாரக் கூரை ஜன்னல்ல நிழல் போடுது. ‘ஸ்டாண்...’ பிரேக் சத்தம். இறங்கறவங்க கூட வாசல்ல நின்னு திரும்பிப் பாக்கறாங்க. ‘டிங்.’

வந்துடுச்சு. பதினஞ்சு எழுத்தும் வந்துடுச்சு. இவ்வளவு நீளமா அந்த வார்த்தையை நான் என் ஜென்மத்துல கேட்டதில்ல, ஆத்தோட அந்தக் கரையில ஆரம்பிச்சு ஸ்டேஷன்ல வந்து முடிஞ்ச வார்த்தை. தாஹிரா அழறா. அழுதுக்கிட்டே கையைத் தட்டப் போறா. எனக்கு அவங்களை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு, அந்தக் கோணல் வாய்ல முத்தம் குடுக்கணும் போல இருக்கு, அக்கா நீங்க ராணிக்கான்னு ஓன்னு கத்தணும் போல இருக்கு. அக்கா கைத்தட்டலுக்காகக் காத்துக்கிட்டு இல்ல. கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாக்கறாங்க, நான் என்ன சொல்லப் போறேன்னு பாக்கறாங்க, பரிட்சை எனக்கு வச்ச மாதிரி. நான் தொண்டையைச் சரி பண்ணிக்கறேன்.

‘பாலம் தாண்டிடுச்சுக்கா’ன்னேன். ‘நீங்க லேட்டு. நாளைக்குப் பேப்பர் உங்களோடது.’

‘வசுக்கா!’ன்னு தாஹிரா பதறிட்டா. நின்னுக்கிட்டிருந்த ஒரு அம்மா, இவளெல்லாம் ஒரு பொம்பளையான்னு என்னைப் பாத்தாங்க. அக்கா கட்டியிருந்த கையைப் பிரிச்சாங்க. அப்புறம் அந்த இறங்கின பக்கத்துக் கன்னம் கூட ஏறிச்சு, பெட்டி முழுக்கக் கேக்கற மாதிரி சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே என் தோள்ல ஓங்கி ஒண்ணு வச்சாங்க.

‘அடிப்பாவி!’ன்னாங்க, முழுசா, எங்கயும் தட்டாம.

அப்புறம் மடியில இருந்த பேப்பரைத் தூக்கித் தாஹிராகிட்டக் காட்டி, ‘இது... எங்க... விக்... கறான்?’னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல வாங்கினதே இல்லையே, அவங்களுக்கு எப்படித் தெரியும். தாஹிரா மூக்கைத் துடைச்சுக்கிட்டு, பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழ ஒரு கடை இருக்குன்னு வழி சொல்ல ஆரம்பிச்சா.